பெரியவர்களுக்கான ஏடிஹெச்டி பரிசோதனை: யாரிடம் போவது, எதைக் கொண்டுபோவது, எவ்வளவு ஆகும்

இருபத்தைந்திலோ முப்பத்தைந்திலோ ஐம்பதிலோ ‘எனக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு) இருக்குமோ’ என்ற சந்தேகம் வந்து, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்த வழியை நான் கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு மருத்துவமனையில் “அது சின்னப் பிள்ளைகளுக்கு வருவதுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு தனியார் மையத்தில் தலையில் ஒயர்களை ஒட்டி, கலர் கலராக மூளைப் படம் அச்சடித்துக் கொடுத்து, பெரிய தொகைக்கு பில் போட்டார்கள். இரண்டு இடத்திலும் என் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

முறையான பரிசோதனை என்பது பெரும்பாலும் பேச்சுதான். மருத்துவ விவரம் தெரிந்த ஒருவர், சிறுவயதிலிருந்து இன்றுவரை நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று பொறுமையாகக் கேட்டு, வீட்டாரிடமும் விசாரித்து, இதே தொல்லையைக் கொடுக்கக்கூடிய மற்ற காரணங்களை விலக்கி, அப்புறம்தான் முடிவு சொல்ல வேண்டும். ஏடிஹெச்டி இருக்கிறதா இல்லையா என்று ரத்தமும் சொல்லாது, ஸ்கேனும் சொல்லாது. அதனால் நீங்கள் கையில் என்ன தகவலோடு போகிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கீழே சொல்லும் படிகளில் முதல் நான்கும் மருத்துவமனை வாசலை மிதிப்பதற்கு முன்னால் வீட்டிலேயே செய்ய வேண்டியவை. தயவுசெய்து அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. மருத்துவர் எதைத் தேடுகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நோயை நிர்ணயிக்க நம் ஊர் மனநல மருத்துவர்கள் இரண்டு கையேடுகளைப் பின்பற்றுகிறார்கள். ஒன்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி. மற்றது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5. 2013இல் வந்து, 2022இல் திருத்தப்பட்டது. டிஎஸ்எம்-5இல் ஏடிஹெச்டிக்கு 18 அறிகுறிகள் உண்டு. கவனம் சார்ந்தவை 9, துறுதுறுப்பும் அவசரமும் சார்ந்தவை 9. ஏதாவது ஒரு பிரிவில் குழந்தைகளுக்கு 6 இருக்க வேண்டும். 17 வயது ஆனவர்களுக்கு 5 போதும்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதமாக இருக்க வேண்டும். வீடு, வேலை, படிப்பு, நட்பு என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். வாழ்க்கையை அவை உண்மையிலேயே பாதிக்க வேண்டும். வேறொரு மனநலப் பிரச்சினையே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாமலும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும்.

பலரும் இந்தக் கடைசி நிபந்தனையில்தான் சிக்குகிறார்கள். “போன வருடம் வேலை மாறியதிலிருந்து எதிலும் கவனம் நிற்கவில்லை” என்றால் அந்தக் கஷ்டம் உண்மைதான், அதற்கு வைத்தியமும் வேண்டும்தான். ஆனால் அது ஏடிஹெச்டியாக இருக்க வாய்ப்பு குறைவு. ஏடிஹெச்டி நடுவில் வந்து ஒட்டிக்கொள்வதில்லை. சிறுவயதிலிருந்தே கூட வருவது.

இன்னொரு விஷயம். பெரியவர்களிடம் பெரும்பாலும் ஓட்டமும் குதியும் இருக்காது. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது கால் ஆடிக்கொண்டே இருக்கும். அடுத்தவர் பேசி முடிப்பதற்குள் வாய் முந்திக்கொள்ளும். உள்ளுக்குள் ஒரு மோட்டார் ஓடுவது போலிருக்கும். சிலருக்குத் துறுதுறுப்பே கிடையாது, கவனப் பிரச்சினை மட்டும்தான். பள்ளியில் ‘அமைதியான பொண்ணு, ஆனா எங்கேயோ பார்த்துட்டு இருக்கும்’ என்று பெயர் வாங்கிய பெண்கள் பலர் இப்படித்தான் யார் கண்ணிலும் படாமல் போய், பல வருடம் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மட்டும் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் அந்த ரகமாக இருந்தால், “நீங்கதான் அமைதியா உட்கார்ந்திருக்கீங்களே” என்று ஒருவர் சொன்னதற்காக மனம் தளர வேண்டாம்.

2. இணையக் கேள்வித்தாளை நம்பி முடிவெடுக்காதீர்கள்

ஏஎஸ்ஆர்எஸ் என்று ஒரு கேள்வித்தாள் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு உருவாக்கப்பட்டது, இலவசமாகவே கிடைக்கும். 18 கேள்விகள். முதல் 6 கேள்விகளில் நான்கோ அதற்கு மேலோ நிழலிட்ட கட்டங்களில் விழுந்தால், மேற்கொண்டு பரிசோதிப்பது நல்லது என்று அர்த்தம். அவ்வளவுதான். தூக்கம் கெட்டவருக்கும், பதற்றத்தில் இருப்பவருக்கும், தைராய்டு கோளாறு உள்ளவருக்கும்கூட அதே மதிப்பெண் வரலாம். நிரப்பி, தேதி போட்டு, அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் பேச்சைத் தொடங்க உதவும். ரீல்ஸ் பார்த்து “இது அப்படியே நான்தான்” என்று தோன்றியதை மட்டும் முதல் வாக்கியமாகச் சொல்லாதீர்கள். சில மருத்துவர்கள் அந்த இடத்திலேயே காதை மூடிக்கொள்கிறார்கள். அது நியாயமில்லை, ஆனாலும் நடக்கிறது.

3. சிறுவயதுச் சான்றுகளைத் தேடி எடுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். ஒரு வார இறுதியை இதற்கென்றே ஒதுக்குங்கள். சொந்த ஊருக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

தேட வேண்டியவை: பழைய ரேங்க் கார்டுகள், அப்பா கையெழுத்து வாங்கிய பள்ளி டைரி, பாதி எழுதி விட்ட நோட்டுகள், ஆசிரியர் எழுதி அனுப்பிய சீட்டுகள். ரேங்க் கார்டில் மதிப்பெண்ணைவிட ஆசிரியர் குறிப்புக் கட்டம்தான் முக்கியம். ‘கவனம் தேவை’, ‘வகுப்பில் பேச்சு அதிகம்’, ‘முயன்றால் முதலிடம் பெறலாம்’ என்று வருடா வருடம் வேறு வேறு கையெழுத்தில் ஒரே செய்தி வந்திருந்தால் அது வலுவான சான்று. ஒரே பாடத்தில் காலாண்டில் 91, அரையாண்டில் 43 என்று ஏறி இறங்கியிருந்தாலும் எடுத்து வையுங்கள். டிசியை நம்பிப் போகாதீர்கள். நடத்தை என்ற இடத்தில் எல்லோருக்கும் ‘நன்று’ என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள்.

அடுத்தது அம்மா, அப்பா. இங்கே கேள்வி கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “சின்ன வயசுல எனக்குக் கவனக்குறைவு இருந்துச்சாம்மா?” என்று கேட்டால், “அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ நல்லாத்தான் படிச்ச” என்று பதில் வரும். எந்த அம்மாவும் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டார். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“நான் ஹோம்வொர்க் எழுதும்போது நீ பக்கத்துலயே உட்காரணுமாம்மா?”

“உட்காராம? நான் அடுப்படிக்குப் போனா அந்த நோட்டு அப்படியே கிடக்கும். அஞ்சாம் வகுப்பு மிஸ் கூப்பிட்டே அனுப்பிட்டாங்க, பரீட்சையில பாதிப் பேப்பர் எழுதாம குடுத்துட்டு வந்துட்டன்னு.”

இந்த ஒரு பதில் மருத்துவருக்குப் பத்து மதிப்பெண் தாள்களுக்குச் சமம். டிஃபன் பாக்ஸ், குடை, வாட்டர் பாட்டில் எவ்வளவு தொலைந்தன. கடைக்கு அனுப்பினால் சொன்னதை வாங்கி வந்தீர்களா. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார வைக்க முடிந்ததா. கல்யாண வீட்டில் உங்களைப் பிடித்து வைக்க ஆள் தேவைப்பட்டதா என்று கேளுங்கள். சொல்வதை அவர்களுடைய வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். அறிகுறிப் பட்டியலை முன்கூட்டியே படித்துக் காட்டாதீர்கள். காட்டிவிட்டால், உங்களுக்கு உதவ நினைத்து எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிவிடுவார்கள். அந்தச் சாட்சியத்துக்கு மதிப்பு போய்விடும்.

பெற்றோர் இல்லையென்றால் அக்கா, அண்ணன், சித்தி, கூடவே வளர்ந்த மாமா பிள்ளை, டியூஷன் எடுத்தவர் என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். யாருமே இல்லாவிட்டாலும் பரிசோதனை நின்றுவிடாது. உங்கள் நினைவை வைத்தே மருத்துவர் விசாரிப்பார், இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

நன்றாகப் படித்தவர்கள் இங்கே தயங்குவார்கள். “நான் பத்தாவதில் 480 எடுத்தேனே, எனக்கெப்படி இருக்கும்?” என்ற கேள்வி வரும். நல்ல மதிப்பெண் ஏடிஹெச்டியை விலக்கிவிடாது. காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிட அம்மா, மாலையில் டியூஷன், பிரம்போடு ஒரு கணக்கு சார் என்று சுற்றிலும் ஆள் நின்று தாங்கிப் பிடித்த பிள்ளைகள் பலர் விடுதிக்குப் போன முதல் செமஸ்டரிலேயே சரிந்துவிடுகிறார்கள். அந்தச் சரிவு எப்போது, எந்தத் தாங்கல் விலகியபோது நடந்தது என்று குறித்து வையுங்கள்.

எதிர்ப்பக்கத்துத் தகவலையும் மறைக்க வேண்டாம். வீட்டில் தினமும் சண்டை, அப்பாவின் குடி, தமிழ் வழியிலிருந்து திடீரென ஆங்கில வழிக்கு மாற்றியது, கண்ணாடி போடும் வரை கரும்பலகை தெரியாமல் இருந்தது போன்றவையும் ஒரு குழந்தையின் கவனத்தைக் குலைக்கும். இவற்றைச் சொன்னால்தான் மருத்துவரால் பிரித்துப் பார்க்க முடியும்.

4. இன்றைய கஷ்டத்தைச் சம்பவங்களாக எழுதுங்கள்

“ஞாபக மறதி அதிகம் டாக்டர்” என்றால் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. “கையில் பணம் இருந்தும் கரண்ட் பில் கட்ட மறந்து, இந்த வருடம் இரண்டு தடவை ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போனார்கள்” என்று சொன்னால் அவருக்கு உடனே புரியும். அடுப்பில் பால் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்ப் பாத்திரம் கருகியது, பாலிசி பிரீமியம் காலாவதியானது, மூன்று வேலை மாறியது, அதில் இரண்டில் வேலையைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போட்டதுதான் காரணம் என்பது என்று எழுதிக்கொண்டே போங்கள். இரண்டு பக்கம் போதும். அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள்.

சமாளிக்க நீங்கள் செய்யும் வேலைகளையும் எழுதுங்கள். ஐந்து அலாரம், கதவில் ஒட்டிய சீட்டு, மனைவியோ கணவரோ தினமும் நினைவுபடுத்துவது எல்லாமே சான்றுதான். வெளியில் எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத் தெரிந்தாலும், அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை மற்றவர்கள் கொடுப்பதைவிட அதிகம் என்றால் மருத்துவருக்கு அது தெரிய வேண்டும். முடிந்தால் கூட வாழ்பவர் ஒருவரை அழைத்துப் போங்கள். இப்போதைய நிலைமைக்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது.

5. சரியான ஆளைத் தேர்ந்தெடுங்கள்

நோயை நிர்ணயித்து மருந்தும் எழுதக்கூடியவர் மனநல மருத்துவர். எம்டி, டிஎன்பி, டிபிஎம் என்ற மேற்படிப்புகளில் ஒன்றை மனநல மருத்துவத்தில் முடித்திருக்க வேண்டும். விரிவான மதிப்பீட்டையும் சோதனைகளையும் செய்பவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர். பெரும்பாலும் கிளினிக்கல் சைக்காலஜியில் எம்ஃபில் முடித்திருப்பார், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவெண் வைத்திருப்பார். இவர் மருந்து எழுத முடியாது. இருவரும் சேர்ந்து பார்ப்பதுதான் நல்ல ஏற்பாடு. சில மாத கவுன்சலிங் டிப்ளமோ முடித்தவர்களின் ஆலோசனை வேறு விஷயங்களுக்குப் பயன்படலாம், ஆனால் அவர்கள் கொடுக்கும் ஏடிஹெச்டி சான்று எங்கும் செல்லாது. பதிவெண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

முன்பதிவு செய்வதற்கு முன்னால் போனிலேயே கேட்டுவிடுங்கள்: பெரியவர்களுக்கு ஏடிஹெச்டி பார்க்கிறீர்களா? எத்தனை சந்திப்பு தேவைப்படும்? சைக்காலஜிஸ்ட் அங்கேயே இருக்கிறாரா? எழுத்தில் அறிக்கை தருவீர்களா? எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்? முதல் கேள்விக்கே எதிர்முனையில் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.

செலவு என்று பார்த்தால், அரசு மருத்துவமனைகளில் புறநோயாளி சிகிச்சை இலவசம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது; மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். கீழ்ப்பாக்கம் என்றதும் வரும் அந்தப் பழைய கூச்சத்தைத் தயவுசெய்து ஓரம்கட்டுங்கள். காலையிலேயே போய் ஓபி சீட்டு போடுங்கள், அரை நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே எல்லாம் முடியாது. சைக்காலஜிஸ்டுக்குத் தனியாகத் தேதி கொடுப்பார்கள். கூட்டம் அதிகம் என்பதால், நீங்கள் எழுதிக் கொண்டுபோன இரண்டு பக்கம் இங்கேதான் உயிர் காக்கும்.

தனியாரில் நான் விசாரித்த அளவில் மனநல மருத்துவரின் முதல் சந்திப்பு சுமார் 800 முதல் 2,000 ரூபாய் வரை, சைக்காலஜிஸ்டின் முழு மதிப்பீடு 3,000 முதல் 10,000 வரை இருந்தது. ஊருக்கு ஊர் மாறும். இதற்கு மேல் பெரிய தொகை கேட்டால் எந்தெந்தச் சோதனைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையமும் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸும் சிக்கலான நிலைமைகளுக்கு, அல்லது இரண்டாவது கருத்துக்கு நல்ல இடங்கள். எடுத்த எடுப்பிலேயே அங்கே ஓட வேண்டியதில்லை.

மருத்துவக் காப்பீட்டை இதில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். பரிசோதனைச் செலவு நம் கையிலிருந்துதான்.

எங்கே தொடங்குவது என்றே புரியவில்லையென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். போனில் நோயை நிர்ணயிக்க மாட்டார்கள். பக்கத்தில் எங்கே போகலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

6. உடம்பையும் தூக்கத்தையும் பார்த்துவிடுங்கள்

தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவை கவனத்தையும் நினைவையும் கெடுக்கும். மருத்துவர் எப்படியும் எழுதிக் கொடுப்பார். சமீபத்தில் எடுத்த முடிவுகள் இருந்தால் கொண்டுபோங்கள், இரட்டைச் செலவு மிச்சம். பலமாகக் குறட்டை விடுபவராக, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகுபவராக இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு ஏடிஹெச்டி போலவே வேஷம் போடும். இரவு ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களும் வேலை நேரத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

7. பரிசோதனை நாளில்

நல்ல மதிப்பீடு ஒரே சந்திப்பில் முடிவது அபூர்வம். இரண்டு, மூன்று சந்திப்புகள், மொத்தம் சில வாரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவா-5 என்று ஒரு நேர்காணல் முறை இருக்கிறது. நெதர்லாந்தில் உருவானது. 18 அறிகுறிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இப்போது எப்படி, சிறுவயதில் எப்படி என்று தனித்தனியாகச் சம்பவம் கேட்பார்கள். அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்றாவது படியில் நீங்கள் சேகரித்ததெல்லாம் இங்கேதான் வேலைக்கு வரும். வேறு கேள்வித்தாள்களையும் நிரப்பச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். புரியாமல் ‘எப்போதாவது’ என்று டிக் அடிப்பதால் யாருக்கும் லாபமில்லை.

குடி, கஞ்சா, சிகரெட், தற்கொலை எண்ணம் என எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்லுங்கள். 2017 சட்டப்படி உங்கள் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது அவர்கள் கடமை. குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் (அதீத உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) இருந்தால், அல்லது நீங்களே சில நாட்கள் தூக்கமே இல்லாமல் அதீத உற்சாகத்தில் கண்மண் தெரியாமல் செலவழித்த காலம் உண்டென்றால், அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். பைபோலார் அலையலையாக வந்து போகும். ஏடிஹெச்டி எப்போதும் இருக்கும். பைபோலார் இருப்பது தெரியாமல் ஏடிஹெச்டிக்கான ஊக்க மருந்தைக் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். பதற்றமும் மனச்சோர்வும் ஏடிஹெச்டியோடு கூடவே இருப்பதும் சகஜம். “முதலில் அதைச் சரிசெய்துவிட்டு இதைப் பார்ப்போம்” என்று மருத்துவர் சொன்னால் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். எத்தனை வாரம் கழித்து மறுபடி பார்ப்பீர்கள் என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று பொறிகளில் சிக்காதீர்கள். ஒன்று, ஈஈஜி (மூளையின் மின் அலைப் பதிவு), மூளை வரைபடம், எம்ஆர்ஐ. வலிப்பு போன்ற வேறு சந்தேகம் இருந்தால் இவை தேவைப்படலாம், ஏடிஹெச்டியை நிர்ணயிக்க அல்ல. இரண்டு, கணினித் திரையில் எழுத்து வரும்போது பட்டனை அழுத்தும் கவனச் சோதனை. கூடுதல் தகவலாகப் பரவாயில்லை. ஆனால் ஏடிஹெச்டி உள்ளவர் அமைதியான அறையில் அதை நன்றாகவே செய்துவிடலாம், இல்லாதவர் சொதப்பலாம். அதன் மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் ஏற்காதீர்கள். மூன்றாவதுதான் மிக ஆபத்தானது: “மாத்திரை போட்டுப் பாருங்கள், கவனம் வந்தால் ஏடிஹெச்டி.” ஊக்க மருந்து ஏடிஹெச்டி இல்லாதவருக்கும் விழிப்பைக் கூட்டும். அதை வைத்து எதுவும் நிரூபணமாகாது.

8. அறிக்கையைக் கையில் வாங்குங்கள்

மருந்துச் சீட்டின் மூலையில் ‘ஏடிஹெச்டி’ என்று கிறுக்கியிருப்பது அறிக்கை ஆகாது. எந்தெந்தத் தேதியில் பார்த்தார்கள், யாரிடம் விசாரித்தார்கள், என்ன கருவிகளைப் பயன்படுத்தினார்கள், சிறுவயதுச் சான்று என்ன, எந்தக் கையேட்டின்படி என்ன முடிவு, கூடவே வேறென்ன இருக்கிறது, அடுத்து என்ன செய்யலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கீழே கையெழுத்து, முத்திரை, பதிவெண். ஐசிடி-10 என்றால் எஃப்90, ஐசிடி-11 என்றால் 6ஏ05 என்ற குறியீடு இருக்கும். ஊர் மாறினால், மருத்துவர் மாறினால் இந்தத் தாள்தான் உங்களை முதல் படியிலிருந்து மறுபடி தொடங்காமல் காப்பாற்றும். கேட்டால் தயங்கினார்கள் என்றால், 2017 சட்டத்தின் 25ஆம் பிரிவு உங்கள் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையைத் தருகிறது என்று பணிவாக நினைவூட்டுங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஹெச்டி இல்லை. கற்றல் குறைபாடு உண்டு. அதுவும் இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் அதற்கான தனிச் சோதனையைக் கேளுங்கள். ‘அட்டை வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

9. மருந்து எழுதினால்

மீத்தைல்ஃபெனிடேட் என்ற ஊக்க மருந்து மருந்து விதிகளில் எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. சீட்டு இரண்டு பிரதிகளாக வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு வருடம் வைத்திருப்பார். விற்பதற்குத் தனி உரிமமும் தேவை என்பதால் தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. எங்கே கிடைக்கும் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், இல்லாவிட்டால் கடை கடையாக அலைய வேண்டிவரும். 2020ஆம் ஆண்டு தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி இந்த அட்டவணை மருந்துகளை வீடியோவிலோ போனிலோ எழுதக் கூடாது. ‘வீட்டிலிருந்தபடியே எல்லாம்’ என்று விளம்பரம் செய்யும் ஆப்களில் பணம் கட்டுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த சீட்டுக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.

அடோமாக்செட்டின் ஊக்க மருந்து வகை இல்லை. சாதாரண சீட்டிலேயே கிடைக்கும், ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள். எதுவாக இருந்தாலும் தொடங்கும் முன் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்க்க வேண்டும். குடும்பத்தில் சிறுவயதில் யாராவது திடீரென மாரடைப்பில் இறந்திருந்தால் சொல்லுங்கள், ஈசிஜி எடுக்கச் சொல்வார்கள். வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் மருந்தைப் பெட்டியில் வைப்பதற்கு முன் அந்த நாட்டின் முன்அனுமதி விதியைப் பார்த்துவிடுங்கள்.

10. ‘இல்லை’ என்று வந்தால்

ஏன் இல்லை, அப்படியானால் வேறென்ன என்று கேளுங்கள். தூக்கக் கோளாறு, பதற்றம், தைராய்டு என்று காரணம் கிடைத்தால் அது நல்ல செய்திதான். அவற்றுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. சிறுவயதைப் பற்றி ஒன்றும் கேட்காமலேயே ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் மட்டும் இரண்டாவது கருத்துக்குப் போங்கள். போகும்போது முதல் அறிக்கையை மறைக்காமல் மேலேயே வைத்துக் கொடுத்து, அதில் எந்தக் கேள்விகள் விடுபட்டன என்று பென்சிலால் குறித்துக் காட்டுங்கள். புதிய மருத்துவர் அங்கிருந்தே தொடங்கலாம்.